வெர்னாக்கின் புது முகம்

உள்ளே அம்மா இருமினாள். வெளியே டாக்டரின் வண்டி இருமியது. கோத்தகிரியில் ஒரு மார்கழிக் காலை. சன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. டாக்டர் மருந்து எடுத்துவரக் குன்னூருக்குப் போக வேண்டும், அவருடைய சின்னக் கறுப்பு வண்டியோ பனியில் விறைத்துப்போய், சாவியைத் திருகும்போதெல்லாம் கர்க் கர்க் என்று தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. சிறுமி நான், கம்பளிக்குள் கிடந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டியின் இருமல் ஓட்டமாக மாற வேண்டும், அம்மாவினுடையது ஒரேயடியாக ஓய்ந்துவிடக் கூடாது, எதற்கு எதை வேண்டிக்கொள்வது என்று ஒரு கட்டத்தில் குழம்பிவிட்டது. வண்டி கிளம்பியது. அம்மாவும் அந்த வருடம் பிழைத்துக்கொண்டாள். ஆனால் எந்த வண்டி கிளம்பும்போதும் என் அடிவயிறு ஒரு முறை இறுகித் தளர்வது அதிலிருந்துதான், கல்யாணமாகி, கணவர் போய்ச் சேர்ந்து, இந்த எழுபது வயதைத் தாண்டிய பிறகும். இப்போது அந்தச் சத்தம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ராஜ்திலக். அவன் செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு உயர்த்திப் பிடித்து, "சத்தம் போடாதீங்க, புது வெர்னாக் கார் ஸ்டார்ட் ஆகுது, கேளுங்க" என்றான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, ஃபிரிட்ஜ் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல். "அவ்வளவுதானா?" என்றான் பிரிட்டோ. "எங்க வூட்டு மிக்சி இதைவிட வீரமாக் கத்துமே." "எட்டு சிலிண்டரை எடுத்துட்டாங்க இல்ல, இப்ப ஆறு சிலிண்டரும் பேட்டரியும்தான். உள்ள உக்காந்திருக்கறவனுக்கு மட்டும் ஸ்பீக்கர்ல உறுமல் சத்தம் போட்டுக் காட்டுவானாமா" என்றான் ராஜ்திலக். "அப்ப வண்டி ஓடறதில்லை, நடிக்குது." மஞ்சரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருமாமல் கிளம்புகிற வண்டி நல்லதுதானே, எங்கோ ஒரு குழந்தை பயப்படாமல் படுத்திருக்கும். ஆனால் அதை இவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிற சாலை, நவக்கரைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஓட்டலின் வாசல். ஞாயிற்றுக்கிழமைக் காலை. கணவாய்க் காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்குகிறது. நான் சிகாமணியின் வண்டியில், முன்சீட்டில், இடது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது பழைய வெர்னாக். ஓட்டப்பந்தயக் காரின் உயிரை யானையின் உடம்பில் வைத்ததுபோல என்று இவர்கள் பெருமையாகச் சொல்லுகிற வண்டி. அத்தனை உயரத்திலிருந்து என் கால் தரைக்கு எட்டாது, அதனால் பிரிட்டோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கீழே போட்டிருக்கிறான், "எறங்குங்கக்கா, கால் மரத்துப்போகும்" என்று. நான் இறங்கவில்லை. கையில் காப்பி டம்ளர், அதன் சூடு விரலுக்கு இதமாக இருக்கிறது. இவர்கள் மூவரும் பானெட்டைச் சுற்றி நிற்கிறார்கள். ராஜ்திலக்குக் குடும்பத் தொழில் நூல் மில், ஆனால் பேச்செல்லாம் டயர். பிரிட்டோ காந்திபுரத்தில் கார்களுக்கு சீட் கவரும் ஸ்பீக்கரும் மாட்டித் தருகிற கடை வைத்திருக்கிறான். மஞ்சரி தோல் டாக்டர். இவர்களில் வேகமாக ஓட்டுகிறவள் அவள்தான் என்று ஆண்கள் இருவரும் அவள் இல்லாதபோது ஒப்புக்கொள்வார்கள். வெர்னாக் கம்பெனி தன் வண்டிக்குப் புது முகம் வைத்திருக்கிறது, படங்கள் வியாழக்கிழமை வெளிவந்துவிட்டன, மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள், வாயைத் திறக்காமல் தவிக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புது வண்டி வந்தாலும் மூத்தவர் பார்த்து முதல் சொல் சொல்ல வேண்டும், அதுவரை அதன் தோற்றத்தைப் பற்றி யாரும் நல்லது கெட்டது பேசக் கூடாது. மூத்தவர் சிகாமணி. தெய்வசிகாமணி என்பது முழுப்பெயர், பம்ப்செட் கம்பெனி நடத்தியவர், இளவயதில் மலைப்பாதைகளில் ராலிப் பந்தயம் ஓட்டிக் கோப்பை வாங்கியவர். அவர் செல்போனில் படம் பார்க்க மாட்டார். "உள்ளங்கையில வெச்சுப் பாத்தா வண்டிக்கு மரியாதை இல்லீங்க" என்பார். அதை இவர்கள் அவருடைய கெத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் டிபன் சொல்ல உள்ளே போயிருக்கிறார். போகும்போது நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார், முதலாளி தன் ஓட்டலைச் சுற்றிப் பார்க்கிற தோரணையில். அது தோரணை இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குக் கண் தெரியவில்லை. இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணில் அங்கங்கே ஓட்டை, சர்க்கரை அரித்துவிட்டது. அப்படியிருந்தும் இந்த வண்டியை என்னை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டிக்கொண்டுவந்தவர் அவர்தான், திரும்பிக் கொண்டுபோகப் போகிறவரும் அவர்தான்.

எப்படி இது ஆரம்பித்தது என்று பிடித்துப் பார்க்க முயல்கிறேன், நூல் நழுவுகிறது. என் கணவர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பருத்தி ஆராய்ச்சி செய்தவர், சைக்கிளுக்கு மேல் ஒன்றும் ஓட்டத் தெரியாது, ஆனால் சிகாமணியின் வண்டிகளில் பக்கத்தில் உட்கார்ந்து போவதென்றால் குழந்தையாகிவிடுவார். அவர் இறந்தபிறகு வந்த முதல் ஞாயிறு, வாசலில் ஹார்ன் கேட்டது. போய்ப் பார்த்தேன். சிகாமணி இறங்காமலே சொன்னார், "அம்மணி, அவன் சீட்டு காலியாக் கெடக்குதுங்க. பாத்துட்டுப் போறதுக்கு மனசில்லை. வாங்க." அவருடைய மனைவியும் அதற்கு முந்தைய வருடம் போயிருந்தார். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு தட்டு. போனேன். அந்தச் சாலையில் எட்டிமடைப் பக்கம் மலை சட்டென்று திரும்பி முகத்தைக் காட்டும். நான் என்னை அறியாமல் எதையோ சொன்னேன், மேகம் மலையின் தோளில் துண்டு போட்டிருக்கிறது என்றோ என்னமோ. கல்லூரியில் படித்த காலத்தில் கவிதை எழுதியவள், கல்யாணத்துக்குப் பிறகு உப்பும் புளியும் எழுதியவள், அப்படி ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருடமோ ஆயிற்று. சிகாமணி, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. என் கணவர் நல்லவர், ஆனால் நான் பேசும்போது பேப்பரை மடிக்க மாட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நான் சாலையைச் சொல்லிக்கொண்டே வருவேன். பனங்காட்டில் வெயில் கம்பு கம்பாக நிற்கிறது. ஒரு லாரி, செங்கல் ஏற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு. இடது பக்கம் ஆடுகள், குனிந்த தலை நிமிராமல் குறுக்கே வரப் பார்க்கின்றன. அவர் தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து, முழுக்கக் காதாகிக் கேட்பார். "நீங்க சொன்னா ரோடு அழகா இருக்குதுங்க, அம்மணி." திங்கட்கிழமையிலிருந்தே நான் சொற்களைச் சேர்க்க ஆரம்பித்துவிடுவேன், காய் வாங்கப் போகும்போதுகூட. வாரத்தில் ஆறு நாள் என் குரலை நான் கேட்பது பால்காரரிடமும் கேஸ் சிலிண்டர்க்காரரிடமும்தான். ஏழாவது நாள் நான் ஒரு ஆள்.

எப்போது தெரிந்தது? ஒரு நாளில் தெரியவில்லை. அவர் லாரிக்குத் தலையசைப்பதும் மேகத்துக்கு அசைக்காததும் மெல்ல மெல்ல என் கண்ணில் பட்டது. "மேகத்தை வுடுங்க, எதுக்க என்ன வருது?" என்று ஒருமுறை கேட்டார், சிரித்துக்கொண்டேதான். சிக்னலில், "செவப்பு சேலை கட்டியிருக்குதுங்களா?" என்பார் விளையாட்டாக, நான் "ஆமாம், சிவப்பு" என்பேன், வண்டி நிற்கும். அதை நாங்கள் இருவருமாகக் கண்டுபிடித்த விளையாட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் மதுக்கரை திருப்பத்தில் நான் பேசவில்லை. மலைமேல் மழை தனியாகப் பெய்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு சொல் வேண்டும், தேடிக்கொண்டிருந்தேன். டப் என்று இடது பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டது. "மரக் கெளை" என்றார் சிகாமணி, நிறுத்தாமல். நான் திரும்பிப் பார்த்தேன். மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒரு பெண், ஒரு காலைத் தரையில் ஊன்றி, விழாமல், கோபப்படக்கூடத் தோன்றாமல் எங்கள் வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விரல்கடையில் தப்பியிருக்கிறாள். அந்த ஒரு விரல்கடையை இந்த வாரம் முழுக்க நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். குளிக்கும்போது, சாதம் வடிக்கும்போது, அந்தக் கால் தரையில் ஊன்றியிருந்தது. எனக்கு என் உயிர் பெரிதில்லை, யாராவது கேட்டால் சில்லறைபோலக் கொடுத்துவிடுவேன், ஆனால் அந்தப் பெண்ணின் கால்? வெட்கமாக இருக்கிறது, அதையும்விட என்னை உறுத்துவது இன்னொன்று. இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னையா, அந்த லாரியையா? "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாரே முதல் நாள், அன்றைக்கே அவருக்கு மலை தெரியவில்லையோ? அன்றைக்காவது கண் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு நாளாவது. நான் இந்தக் கேள்வியைத் தொட்டுத் தொட்டு விடுகிறேன், ஆடுகிற பல்லை நாக்கு தேடிப்போவதுபோல. பேசிவிட்டால் தீர்ந்தது. இதோ மூன்று பேர் நிற்கிறார்கள், அதில் ஒருத்தி டாக்டர். "இவரை ஓட்டவிடாதீர்கள்" என்று ஒரு வரி. பிறகு ஞாயிறு என்ற கிழமை எனக்கு இருக்காது, அவருக்குச் சாலை இருக்காது. கார் இல்லாத சிகாமணி யார்? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. காப்பி ஆறிவிட்டது. ஆடை படிந்த காப்பியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, டம்ளரைக் கதவுப் பொந்தில் வைத்தேன்.

அவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மூக்கின்மேல் கறுப்புக் கண்ணாடி. "பொங்கல் தீந்துபோச்சாம்ப்பா, தோசைதான்" என்றார். ராஜ்திலக் பையிலிருந்து ஸ்லேட்டு அளவுத் திரை கொண்ட டேப்பை எடுத்தான். அதற்குள் பிரிட்டோ அவன் காதில் ஏதோ சொல்ல, இருவரும் பள்ளிக்கூடப் பையன்கள்போலத் தோளை இடித்துக்கொண்டார்கள். மஞ்சரி எட்டிப் பார்த்து, "அடப் பாவிகளா" என்று வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் தெரிந்தது, நான் உயரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வைத்தது புது வண்டியின் படம் இல்லை. பழைய வெர்னாக். இதே கறுப்பு, இதே மூக்கு, சிகாமணி முழங்கையை ஊன்றி நிற்கிறாரே, இதே வண்டி. நொடியில் கண்டுபிடித்து அசிங்கமாகத் திட்டுவார், சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். "வாங்கண்ணா, மொத சொல்லு சொல்லுங்க." அவர் டேப்பை வாங்கினார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார், வெயிலுக்குத் திருப்பினார். எதையும் அவசரமில்லாமல் செய்தார். அம்மணி, என்ன தெரியுதுங்க என்று என்னைக் கேட்க முடியாத இடம் அது. பிறகு உதட்டைப் பிதுக்கினார். "கெடுத்துட்டானுகப்பா. எரும மாட்டு மூஞ்சி. பழசுல ஒரு லட்சணம் இருந்துது பாரு, அதைத் தொடச்சுட்டானுக." பிரிட்டோ வெடித்துச் சிரித்தான். "அண்ணா! அது உங்க வண்டிங்ணா! இதா நிக்குது பாருங்க, இதுதான்!" நான் அவர் கையைப் பார்த்தேன், முகத்தை அல்ல. டேப்பின் விளிம்பில் கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. பிறகு அந்த விரல் தளர்ந்தது. "தெரியுமுடா" என்றார் சிகாமணி நிதானமாக. "மூணு வருசமா அந்த எருமையத்தானே மேச்சுட்டு இருக்கறேன். எனக்குத் தெரியாதா அதும்பட மூஞ்சி?" ஓட்டல் வாசலே சிரித்தது. ராஜ்திலக் தோற்றுப்போனவனாகக் கைகூப்பினான். "அண்ணனை ஏமாத்த முடியுமா?" மஞ்சரி, "நம்ம வெச்ச வலையில நம்மளையே புடிச்சுட்டாரு" என்றாள். கார்களை இத்தனை வருடம் நேசித்தவர்கள்தான் இப்படிச் சிரிக்க முடியும். வேறு யாராவது இருந்திருந்தால், ஒரு சின்னக் குழந்தை இருந்திருந்தால்கூட, தாத்தாவுக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கும். இவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது. தன் வண்டியை அடையாளம் தெரியாத சிகாமணி என்று ஒருவர் இவர்கள் உலகத்தில் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது. உண்மையான படத்தை எடுத்துவைத்துக்கொண்டு மூவரும் மேய்ந்தார்கள். கிரில் ரேஷன் கடை ஷட்டர்போல இருக்கிறது. ஹெட்லைட் இத்தனை சிறுத்தால் ராத்திரி யானை வந்தால் என்ன செய்வான். "மூஞ்சிய இழுத்து வெச்சுத் தெச்ச மாதிரி இருக்குது" என்றாள் மஞ்சரி, "எங்கிட்ட வந்திருந்தா இதைவிடச் சுத்தமாப் பண்ணிக் குடுத்திருப்பேன்." உள்ளே ஒரு பட்டன்கூட இல்லை, எல்லாம் திரை, ஏசியைக் குறைக்கவே தொட்டுத் தொட்டு ஊர் சுற்ற வேண்டும். "பின்னாடி மட்டும் அழகுங்க" என்றான் ராஜ்திலக், "அந்த லைட்டு ஒரு கோடு மாதிரி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகுது." "பின்னாடி அழகா இருந்து என்ன, ஓட்டறவனுக்கா தெரியும்? தொரத்திட்டு வர்றவனுக்குத்தான்." நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முகங்கள் மாறித்தான் ஆகவேண்டும் போலும், எனக்கு அது அழகில்லாமல் தெரியவில்லை. நீளமான, சலனமில்லாத, எதையும் சொல்ல விரும்பாத முகம். சிகாமணி பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல, "கேமரா இருக்குதாமே, யாராச்சும் குறுக்க வந்தா வண்டியே நின்னுருமாமா? நெசமா?" என்றார். "அதெல்லாம் வந்துருச்சுங்ணா. முன்னாடி, சைடு, எல்லாப் பக்கமும். கோடு தாண்டுனா ஸ்டீயரிங்கே இழுத்துப் புடிக்கும். உங்க வண்டி வந்தப்ப இங்க அதைக் குடுக்கல." "சைடுலயும் பாக்குமா?" "பாக்கும்." "எடது பக்கம்?" பிரிட்டோ சிரித்தான். "எடது வலது எல்லாந்தானுங்ணா. என்ன நீங்க, போன தடவை கேமராவெல்லாம் பயந்தாங்கொள்ளிக்குன்னீங்க?" "கேட்டா என்னடா? நான் புக் பண்ணிட்டேன். ஆவணியில வருது." மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். எரும மாடுன்னு சொல்லிப்போட்டு மறுபடியும் எருமையவே புக் பண்ணிட்டாராமா! கட்டிப்பிடித்தார்கள், பார்ட்டி கேட்டார்கள். நான் இங்கே மேலே உட்கார்ந்து சில்லிட்டுப்போனேன். அவர் ஒரு முகத்தை வாங்கவில்லை. கண் வாங்கியிருக்கிறார். இது சித்திரை. ஆவணி வரைக்கும் நான், அதற்குப் பிறகு அந்தக் கேமரா. எனக்குப் பொறாமை வந்தது, சொல்ல நாணமாக இருக்கிறது, ஒரு இயந்திரத்தின்மேல், இடது பக்கம் மலைமேல் தனியாகப் பெய்கிற மழையைப் பார்த்தாலும் பேசாமல் வருகிற ஒரு கேமராவின்மேல் பொறாமை.

தோசை தின்றார்கள். எனக்கு ஒன்றைத் தட்டில் வைத்து மேலே நீட்டினாள் மஞ்சரி, பாதி தின்றேன். வெயில் ஏறிவிட்டது. ராஜ்திலக் இங்கிருந்து நேரே பாலக்காடு போகிறான், அவனுடன் வந்த மஞ்சரி திரும்பிப்போக இடம் தேட வேண்டும். பிரிட்டோவின் வண்டியில் பின்சீட்டையே கழற்றிப்போட்டு எட்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறான், அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் காது போய்விடும். "நான் அண்ணன்கூடப் போயிக்கறேன்" என்றாள், என் கதவருகே வந்து நின்றாள், சின்னப் பெண்ணைப்போல முகம். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் நீங்க பின்னாடி உக்காந்துக்கறீங்களா? எட்டு சிலிண்டர் இனிமே வராது. முன்னாடி உக்காந்து ஒருக்கா கேட்டுட்டு வர்றேன்." நான் வாய் திறப்பதற்குள் சிகாமணி, "வேண்டாமுங்க" என்றார். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "அம்மணிக்குப் பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்." எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் தலை சுற்றாது. ஊட்டி மலை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்தவள் நான். பிரிட்டோ ராஜ்திலக்கைப் பார்த்தான், ராஜ்திலக் வேப்பமரத்தைப் பார்த்தான், மஞ்சரி கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "வுடுங்க டாக்டர்" என்றான் பிரிட்டோ, "பக்கத்துல அக்கா இல்லீன்னா அண்ணனுக்குக் கியரே வுழுகாது." "போடா, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஏதுடா கியரு!" சிகாமணி அவன் முதுகில் ஒன்று வைத்தார், குறி தப்பித் தோளில் பட்டது. சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். என் காது மடல் சூடாயிற்று. இத்தனை வயதில் ஒரு பெண்ணை இப்படிக் கேலி செய்தால் அது கேலி இல்லை, ஒரு பரிசு. மூன்று பேர் கண்ணிலும் நான் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டியவள். பொய்தான் என்றாலும் அது எனக்கென்று தைத்ததுபோலப் பொருந்தியிருந்தது. அதைக் கழற்ற மனம் வரவில்லை. கழற்ற வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். மஞ்சரி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்னாலிருந்து அவளுடைய சீயக்காய் வாசனை வந்தது. வீட்டில் அவளுக்கு இரண்டு பெண்கள், சின்னவள் இன்னும் தூளியில்.

சிகாமணி ஏறி உட்கார்ந்தார். கையால் தடவி பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கினார். வண்டி உறுமியது, என் அடிவயிறு வழக்கப்படி இறுகியது, இந்த முறை தளரவில்லை. "ஆகா" என்றாள் மஞ்சரி பின்னாலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு. சிகாமணி பின்கியர் போட்டார். கூ கூ என்று வண்டி கூவ ஆரம்பித்தது, எதற்காகக் கூவுகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சுவருக்கும் கூவும், மரத்துக்கும் கூவும். நான் திரும்பிப் பார்த்தேன். ஓட்டல் அம்மாள் ஒருத்தி, இடது பக்கம், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து வேப்பஞ்சருகைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முதுகை எங்களுக்குக் காட்டியிருந்தாள், காதில் பாட்டு போலும், தலையில் துண்டு கட்டியிருந்தாள். சிகாமணி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. தலையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார். அப்படித்தான் எப்போதும் காத்திருப்பார், ஒரு வரி முடிந்து அடுத்த வரி விழும் இடத்தில் காது காத்திருப்பதுபோல. வாழ்நாள் முழுக்க ஒருவர் எனக்காக அப்படிக் காத்திருக்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். இடது பக்கம் ஒருவர் பெருக்குகிறார், கொஞ்சம் பொறுங்கள். இப்போது போகலாம். மெயின் ரோட்டில் ஒரு பஸ், விட்டுவிடுங்கள். இப்படி மதுக்கரை வரைக்கும், குனியமுத்தூர் வரைக்கும், ஆவணி வரைக்கும். நான் பேசவில்லை. அவர் காத்திருந்தார். "அம்மணி?" என்றார் மெல்ல. பிறகு இன்னும் மெல்ல, "பின்னாடி யாருங்க?" மஞ்சரி கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் அவரைப் பார்க்காமல், முன்னால் இருந்த வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னேன். "மஞ்சரி, இவருக்குக் கண் தெரியவில்லை. ரொம்ப நாளாகத் தெரியவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்." இந்த வாக்கியத்தில் உவமை ஒன்றும் இல்லை. இதற்கு நான் சொல் தேடவில்லை.

பிரிட்டோ சன்னலுக்கு வெளியே நின்றிருந்தான். "அக்கா சும்மா வெளையாடறாங்க. ஏனுங்ணா?" என்று சிகாமணியைப் பார்த்தான், அவர் ஏதாவது எடுத்தெறிந்து பேசி எல்லோரையும் சிரிக்கவைப்பார் என்று வாயைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு. மஞ்சரி இறங்கிச் சுற்றிவந்து, என் கதவு வழியாகக் கையை நீட்டி, அவர் இடது காதருகே விரல்களை விரித்தாள். "அண்ணா, எத்தனை வெரலு?" அவர் திரும்பவில்லை. பட்டனைத் தேடி அமுக்கினார். எட்டு சிலிண்டரும் அடங்கின. பெருக்குகிற துடைப்பத்தின் சத்தம் அப்போதுதான் கேட்டது. பிறகு அவர், "பிரிட்டோ, அம்மணிய வூட்ல எறக்கி வுட்டுருப்பா" என்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் சொல்லாமல், அவனிடம் சொன்னார். நான் ஸ்டூலில் கால் வைத்து இறங்கினேன். ஸ்டீயரிங் பக்கம் மஞ்சரி மாறி உட்கார்ந்தாள். பிரிட்டோவின் வண்டியில் வரும்போது அவன் பாட்டை நிறுத்திவைத்திருந்தான். எட்டிமடையில் மலை திரும்பியது.

புது வெர்னாக்குக்கான பதிவை ராஜ்திலக் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். சிகாமணியின் மகள் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். வலது கண்ணும் ஐப்பசியில் முழுக்கப் போய்விட்டது என்று மஞ்சரி சொன்னாள்.